சிமுலேட்டரில் ஏறப்போகும் செஸ்னாக்காரர்

மேற்கிலிருந்து காற்று வீசும் மாதங்களில் மந்தைவெளி மொட்டை மாடியில் துணி உலர்த்துபவர்கள் யாரும் விமானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. அவ்வளவு பழக்கம். கடல் மேலிருந்து பட்டினப்பாக்கம் பக்கமாக நுழைந்து, சக்கரங்களை நீட்டிக்கொண்டு, மீனம்பாக்கத்தின் 25 எண் ஓடுபாதையை நோக்கிப் போகும். வரைபடத்தில் அந்த ஓடுபாதையின் மேல் ஸ்கேலை வைத்துக் கிழக்கே கோடு நீட்டினால், கோடு ஏறக்குறைய மந்தைவெளி மேலேயே போய்க் கடலில் விழுகிறது. தரையைத் தொட இன்னும் எட்டு ஒன்பது கிலோமீட்டர். உயரம் சுமார் 1500 அடி. வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். ஆக, இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல்.

இந்த இரண்டு நிமிஷத்தை ஒருவர் காசு கொடுத்து வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மந்தைவெளிக்காரர். வேலை ஓ.எம்.ஆர். பக்கம். வெளியூர் ஃபிளையிங் கிளப்புக்கு லீவு லீவாகப் போய், இந்தியச் சட்டம் கேட்கிற குறைந்தபட்சம் 40 மணி நேரத்தையும் கொஞ்சம் கூடவும் பறந்து, தனியார் பைலட் லைசன்ஸ் (பி.பி.எல்.) வாங்கிவிட்டார். ஓட்டத் தெரிந்தது செஸ்னா 172. இப்போது ஏர்பஸ் ஏ320 சிமுலேட்டரில் ஒரு மணி நேரம் பதிவு செய்திருக்கிறார். கற்பனை ஆசாமிதான், ஆனால் இந்த ரகத்தவர்கள் நிஜமாகவே உண்டு. வீட்டில் அம்மா கேட்கிறார்: "நிஜ ப்ளேனே ஓட்டறியே, அப்புறம் பொம்மை ப்ளேனுக்கு எதுக்குடா இவ்வளவு காசு?"

நியாயமான கேள்வி. அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் எப்படித் தயாராகிறார் என்பதில்தான் இதற்கான பதில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் தயாராகும் விதமோ படு தப்பு.

என்ன செய்கிறார்கள்? இரவெல்லாம் வீடியோ பார்த்து, தலைக்கு மேலே இருக்கும் பேனலின் பொத்தான்களை மனப்பாடம் செய்கிறார்கள். பேட்டரி இரண்டு, எரிபொருள் பம்ப் ஆறு, வாலில் இருக்கும் குட்டி என்ஜினைக் கிளப்பும் பொத்தான், அப்புறம் ஒவ்வொரு விளக்காக அணைய வைப்பது. போன அன்றைக்கு இதையெல்லாம் ஒப்பிக்கிறார்கள். பயிற்சியாளருக்கும் சந்தோஷம், அரை மணி நேரம் ஆபத்தில்லாமல் ஓடிவிடும். மீதி அரை மணியில் ஒரு டேக்-ஆஃப், ஆட்டோபைலட், ஒரு லேண்டிங், ஒரு ஃபோட்டோ. கையால் ஓட்டியது மொத்தம் ஐந்து நிமிஷம் இருந்தால் பெரிது. பொத்தான் வரிசையைப் படிக்கச் சிமுலேட்டர் எதற்கு? வீட்டுக் கம்ப்யூட்டரே போதும். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 1982-லிருந்து இருக்கிறது. ரிச்சி தெருவில் சி.டி. வாங்கிப் பழகிய தலைமுறை ஒன்றே சென்னையில் உண்டு.

சிமுலேட்டர் எதற்காக வந்தது என்று தெரிந்தால் அதில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 1929இல் அமெரிக்காவின் பிங்ஹாம்டனில், பியானோவும் ஆர்கனும் செய்கிற பட்டறை முதலாளியின் மகன் எட்வின் லிங்க், ஆர்கனுக்குள் இருக்கும் காற்றுத் துருத்திகளை வைத்தே அசைகிற ஒரு குட்டி விமானப் பெட்டியைச் செய்தார். ஆரம்பத்தில் அதை வாங்கியவர்கள் கேளிக்கைப் பூங்காக்காரர்கள்! (ஆகவே மால்களில் இன்று சிமுலேட்டர் வைத்துக் காசு பார்ப்பவர்களைப் பரம்பரையைக் கெடுத்தவர்கள் என்று திட்ட முடியாது.) 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் விமானம் ஓட்டப்போய், மேகத்திலும் இருட்டிலும் கருவிகளைப் பார்த்து ஓட்டத் தெரியாமல் சில வாரங்களில் பலர் செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் ராணுவம் லிங்கின் பெட்டியில் ஆறை வாங்கியது.

அந்தக் காலத்தில் புது ரக விமானத்துக்குப் பழகுவதென்றால் பெரும்பாலும் அந்த விமானத்திலேயேதான். மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பில் பழகிய கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் 1951இல் ஒரு டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். (இதே தம்பதியர்தான் 1959இல் தி. நகர் வீட்டில் ப்ளூ கிராஸைத் தொடங்கியவர்கள். விமானம் பற்றிப் பேச ஆரம்பித்தால் தெருநாயில் போய் முடிகிற ஊர் இது.) அவர்களின் துணிச்சலுக்குத் தொப்பியைக் கழற்றலாம். ஆனால் அந்த முறையையே பெரிய ஜெட்டிலும் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியில் ஒரு நாள் பதில் கிடைத்தது.

1994 மார்ச் 8. சஹாரா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று டெல்லி விமான நிலையத்தில் பயிற்சிக்காகச் சுற்றிச் சுற்றி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பயிற்சியாளர், மூன்று பயிற்சி விமானிகள். சக்கரம் தரையைத் தொட்டு மறுபடி மேலே எழும்பும்போது ஒரு என்ஜின் செயலிழந்தால் என்ன செய்வது என்ற பாடம். விமானம் ஒரு பக்கம் இழுக்கும். ரட்டர் பெடலை அழுத்தி நேராக்க வேண்டும். ஓட்டியவர் தப்பான பக்கத்து ரட்டரை அழுத்திவிட்டார். விமானம் கவிழ்ந்து, நின்றுகொண்டிருந்த ஏரோஃப்ளோட் விமானத்தின் மேல் போய் விழுந்தது. விமானத்தில் இருந்த நால்வரும், கீழே இருந்தவர்களில் ஐந்து பேரும் இறந்தார்கள். அதே தப்பைச் சிமுலேட்டரில் செய்திருந்தால் திரை உறைந்திருக்கும், பயிற்சியாளர் ஒரு பொத்தானை அழுத்தியிருப்பார், ஐந்து நிமிஷத்தில் மறுபடி ஓடுபாதை முனையில் நின்றிருப்பார்கள்.

அம்மாவுக்குப் பதில் இதுதான். நிஜ விமானத்தில் செய்து பார்க்கக் கூடாத தப்புகளைச் செய்து பார்க்கத்தான் அந்தப் பெட்டிக்குக் காசு. அங்கே போய் ஒரு தப்பும் செய்யாமல் திரும்புகிறவர் காசை வீணடித்தவர்.

சரி, செஸ்னாக்காரர் கொண்டு போகிற பழக்கங்களில் எது உதவும், எது காலை வாரும்?

கை ஒரு பிரச்சினையே இல்லை. செஸ்னாவிலும் இடது இருக்கை, இடது கையில் ஸ்டியரிங், வலது கையில் த்ராட்டில். ஏ320-இலும் இடது இருக்கையில் இருப்பவருக்கு இடது கையில் சைடு-ஸ்டிக், வலது கையில் த்ரஸ்ட் லிவர். பிரச்சினை அந்தக் கை ஓயாமல் வேலை செய்வதில்தான். செஸ்னாவில் மூக்கைத் தூக்கினால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு ட்ரிம் சக்கரத்தைச் சுற்றிக் கைப்பளுவைக் குறைக்க வேண்டும். ஏ320 அப்படியல்ல. ஸ்டிக்கை லேசாகத் தொட்டு விட்டால், விட்ட இடத்தில் விமானம் நிற்கும். ட்ரிம்மைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். செஸ்னாக்காரர் விடமாட்டார். மோர் கடைகிற மாதிரி ஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டே இருப்பார். விமானம் அவர் சொன்ன ஒவ்வொன்றையும் செய்யும், ஆனால் அரை விநாடி கழித்து. அவர் அதற்குள் எதிர்ப்பக்கம் தள்ளியிருப்பார். முதல் லேண்டிங் முயற்சி பாம்பு மாதிரி வளைந்து வருவது இதனால்தான்.

அடுத்தது எடை. செஸ்னா 172 முழுசாக ஏற்றினாலும் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். ஏ320 தரையிறங்கும்போதே அறுபது டன்னுக்கு மேல் இருக்கலாம். செஸ்னாவில் உயரம் குறைந்துபோனால் த்ராட்டிலைத் தள்ளு, காற்றாடி உடனே இழுக்கும். ஜெட் என்ஜின் அடங்கிய நிலையில் இருந்தால் முழுச் சக்திக்கு வர ஏழெட்டு விநாடி வரை ஆகலாம். மந்தைவெளிக்கு மேலே எட்டு விநாடி என்பது அரை கிலோமீட்டருக்கு மேல்.

இது கணக்குப் புத்தக விஷயமல்ல. 1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605 விமானம், அப்போது புத்தம்புது ரகமான ஏ320, பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். ஓட்டியவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. மற்ற ரக விமானங்களில் பல ஆயிரம் மணி நேரம் பறந்த கேப்டன்கள், ஏ320-இல்தான் அனுபவம் குறைவு. என்ஜின்கள் அடங்கிய நிலையில் இறங்குகிற 'ஓப்பன் டிசென்ட்' என்ற முறையில் விமானம் இருந்தது. வேகத்தை ஆட்டோ த்ரஸ்ட் பார்த்துக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. அந்த முறையில் அது பார்த்துக்கொள்ளாது. கவனித்து லிவரைத் தள்ளியபோது என்ஜின் எழும்பப் போதுமான நேரமில்லை.

பல ஆயிரம் மணி நேரக்காரர்களுக்கே இந்தக் கதி என்றால், 45 மணி நேரக்காரர் படிக்க வேண்டியது தலைக்கு மேலே இருக்கும் பொத்தான்களையா, எதிரே திரையின் உச்சியில் "இப்போது வேகத்தை யார் பார்க்கிறார்கள், உயரத்தை யார் பார்க்கிறார்கள்" என்று சொல்கிற அந்த ஒரே வரியையா? அந்த வரியைப் படிக்கத் தெரியாதவர் ஏர்பஸ்ஸை ஓட்டவில்லை, ஏர்பஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறது.

கூடவே இரண்டு மூன்று எண்கள் போதும். இறங்கும் பாதை 3 டிகிரி. அதாவது ஒரு நாட்டிகல் மைலுக்குச் சுமார் 300 அடி. வேகம் 135 நாட் என்றால் அதில் பாதியைப் பத்தால் பெருக்கு, நிமிஷத்துக்குச் சுமார் 675 அடி இறங்க வேண்டும். செஸ்னாவில் 65 நாட், இறக்கம் 325 அடி. எல்லாமே இரட்டிப்பு வேகத்தில் நடக்கிறது என்று மனசு முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பதற்றம் பாதி குறையும். மூக்கு எத்தனை டிகிரி, என்ஜின் எத்தனை சதவீதம் என்ற ஒரு ஜோடியைப் பயிற்சியாளரிடம் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. அந்த ஜோடியை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் விமானம் ஏறக்குறைய சரியாகவே வரும்.

கடைசி முப்பது அடி தனிக் கதை. செஸ்னாவில் கண் தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்தில்கூட இல்லை. ஏ320-இல் ஒரு மாடி வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்திருக்கிறார், பெரிய சக்கரங்கள் முதுகுக்கு வெகு தூரம் பின்னால். செஸ்னாக் கண்ணை நம்பி "இன்னும் வரட்டும், இன்னும் வரட்டும்" என்று காத்திருந்தால் விமானம் தொம்மென்று உட்காரும். கண்ணை விட்டுக் காதை நம்ப வேண்டும். 50, 40, 30, 20 என்று விமானமே குரல் கொடுக்கும். எண்கள் வருகிற தாளத்தை வைத்தே எவ்வளவு வேகமாகத் தரை வருகிறது என்று தெரியும். 20-க்குப் பிறகு "ரிடார்ட்" என்று அதட்டும். திட்டு இல்லை, லிவரைப் பின்னால் இழு என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் வீட்டில் ஒரு நாற்காலி போதும். விமானிகள் உலகம் முழுக்கச் செய்வதுதான்: நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கையை அசைத்து முழு லேண்டிங்கையும் வாயால் சொல்லிப் பார்ப்பது. மனைவியோ தம்பியோ எண்களைப் படித்தால் ரொம்ப விசேஷம். மந்தைவெளியில் இருப்பவருக்கு வரைபடமே வீட்டு வாசல்: தலைக்கு மேல் 1500 அடி, கோட்டூர்புரத்தைத் தாண்டும்போது 1000 அடி. அந்த 1000 அடியில் வேகம், இறக்கம், திசை, ஃபிளாப் எல்லாம் சரியாக இல்லையென்றால் லேண்டிங் கிடையாது, மறுபடி மேலே போக வேண்டியதுதான். ஏர்லைன்களில் இது விதி.

இந்த 'மேலே போவது' பற்றி ஒரு வார்த்தை. காசு கொடுத்து வருபவர் யாரும் இதைக் கேட்பதில்லை. லேண்டிங்தான் வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, ஓடுபாதையின் நடுப்பகுதியைத் தாண்டி இறங்கி, மேசை போன்ற மலை உச்சியிலிருந்து சரிந்து 158 பேர் இறந்தார்கள். துணை விமானி "கோ அரவுண்ட்" என்று ஒரு தடவையல்ல, மூன்று தடவை சொல்லியிருந்தார். கேப்டன் இறக்கத்தைத் தொடர்ந்தார். பத்து லேண்டிங் பழகுவதைவிட, மோசமாக வருகிற லேண்டிங்கைக் கைவிட்டு மேலே போகப் பழகுவது உசத்தி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? செஸ்னாக்காரருக்கும் அதை அடுத்த வாரமே தன் கிளப்பில் பயன்படுத்த முடியும். ஏர்பஸ் பொத்தான் அறிவு அங்கே ஒன்றுக்கும் ஆகாது.

இன்னொன்றும் கேட்டு வாங்க வேண்டும்: டேக்-ஆஃபில் என்ஜின் போவது. செஸ்னாவில் எழும்பியவுடன் என்ஜின் நின்றால் மூக்கைத் தாழ்த்து, நேரே எதிரில் இறங்கு என்று ரத்தத்தில் ஏற்றியிருப்பார்கள். ஏர்லைனரில் 'வி1' என்ற வேகத்தைத் தாண்டிவிட்டால் நிற்கவே கூடாது. ஒரு என்ஜினோடு மேலே போயே ஆக வேண்டும். நாற்பது மணி நேரம் கற்ற உள்ளுணர்வுக்கு நேர் எதிர். ஜெட்டில் காற்றாடியின் இழுப்பு இல்லாததால் கால்களும் அதுவரை தூங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று எந்தக் காலை அழுத்துவது? டெல்லியில் ஒன்பது பேர் உயிர் போனது இந்த ஒரு கேள்வியில்தான். மூன்று தடவை தப்பாக அழுத்தி, மூன்று தடவை கவிழ்ந்து பார்த்தால் நாலாவது தடவை கால் சரியாகப் போகும்.

ஆகவே பயிற்சியாளரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது: "சார், என்ஜின் ஸ்டார்ட் பண்றதெல்லாம் வேண்டாம். பத்து மைல் தள்ளி, மூவாயிரம் அடியில நிறுத்திக் குடுங்க." சிமுலேட்டரில் இது ஒரு பொத்தான். ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு அப்ரோச் கிடைக்கும். ஆறு காலில் நின்று ஆடுகிற கோடிக்கணக்கு ரூபாய் ரகமா, ஆடாத ரகமா என்று பலர் குழம்புகிறார்கள். ஆடுகிறவை இருப்பது குர்கான், கிரேட்டர் நொய்டா, பெங்களூரு, ஹைதராபாத் மாதிரி பயிற்சி மையங்களில். அவை செய்வதும் ஒரு கண்கட்டு வித்தைதான்: டேக்-ஆஃபில் பெட்டியைப் பின்னால் சாய்ப்பார்கள், உடலின் எடை முதுகில் இறங்கும், கண் மட்டும் நேராகப் பார்க்கும், மூளை அதை வேகம் என்று நம்பிவிடும். பிரமாதம்தான். ஆனால் பொழுதுபோக்குக்காக வருபவருக்கு, ஆடாத பெட்டியில் கறாரான பயிற்சியாளர் கிடைத்தால் அதுவே லாபம்.

"நடுவானில் ரெண்டு பைலட்டும் மயங்கிட்டா?" என்ற கனவு இந்த ஆசாமிகள் எல்லோருக்கும் உண்டு. அதையும் கொஞ்சம் தட்டி வைக்கலாம். 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் புளோரிடாவில் ஓர் இரட்டை என்ஜின் கிங் ஏர் விமானத்தின் பைலட் வானிலேயே இறந்துவிட, ஒற்றை என்ஜின் செஸ்னா மட்டுமே ஓட்டத் தெரிந்த ஒரு தனியார் விமானி ரேடியோ உதவியோடு பத்திரமாக இறக்கினார். நடந்த கதை. ஆனால் அது ஜெட் இல்லை, வானிலை நன்றாக இருந்தது, வழிகாட்டக் கட்டுப்பாட்டு அறையில் ஆட்கள் இருந்தார்கள். 2005 ஆகஸ்ட் 14 அன்று கிரீஸில் ஹீலியோஸ் 522-இல் காற்றழுத்தம் இல்லாமல் எல்லோரும் மயங்கியபோது, லைசன்ஸ் வைத்திருந்த ஒரு விமானப் பணியாளர் ஆக்ஸிஜனோடு காக்பிட்டுக்குள் போய்ச் சேர்ந்தார். அவரிடம் இருந்தது 737-க்கான பயிற்சி இல்லை, எரிபொருளும் தீர்ந்துகொண்டிருந்தது. 121 பேரும் இறந்தார்கள். ஒரு மணி நேரச் சிமுலேட்டர் யாரையும் ரட்சகர் ஆக்காது.

அப்படியென்றால் இந்த ஒரு மணி நேரத்துக்கு நிஜப் பயன் யாருக்கு? ஏர்லைன் கனவோடு வணிக லைசன்ஸுக்குக் கடன் வாங்கப் போகிறவர்களுக்கு. இந்தியாவில் பி.பி.எல். எடுப்பவர்களில் வெறும் ஆசைக்காகப் பறப்பவர்கள் குறைவு. பலருக்கு அது படிக்கட்டு. 200 மணி நேரத்தில் வணிக லைசன்ஸ், அப்புறம் சிமுலேட்டரில் டைப் ரேட்டிங், அப்புறம் ஏர்பஸ்ஸின் வலது இருக்கை. அமெரிக்காவில் 2013லிருந்து ஏர்லைனில் சேரப் பொதுவாக 1500 மணி நேரம் கேட்கிறார்கள். எது சரி என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 200-ஓ 1500-ஓ, செஸ்னாவில் தனியாகச் சுற்றிய மணி நேரங்கள் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது: ஏர்லைன் வேலை இரண்டு பேர் செய்கிற வேலை. ஒருவர் ஓட்ட, மற்றவர் பார்த்துச் சொல்கிற வேலை. பறக்கிற ஆசை உள்ள எல்லோருக்கும் அது பிடித்துவிடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அரைக் கோடி ரூபாய்க்கு வீட்டை அடகு வைத்த பிறகு அது தெரியவந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? 2008-க்குப் பிறகு லைசன்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருந்தவர்களின் வீடுகளில் கேட்டால் அந்தப் பணத்தின் கனம் தெரியும்.

அதனால் கடைசிப் பதினைந்து நிமிஷத்தை நம் செஸ்னாக்காரர் வேறு மாதிரி செலவழிக்கலாம். இடது இருக்கையைப் பயிற்சியாளருக்குக் கொடுத்துவிட்டு, தான் வலது பக்கம் உட்கார்ந்து, ஸ்டிக்கைத் தொடாமல், செக்லிஸ்ட் படித்து, ஃபிளாப் போட்டு, ரேடியோ பேசி, "ஆயிரம் அடி, ஸ்டேபிள்" என்று மட்டும் சொல்லலாம். அவர் வேண்டுமென்றே வேகத்தைக் கெடுத்தால் "கோ அரவுண்ட்" என்று உரக்கச் சொல்லலாம். அதில் சுவாரஸ்யம் இருக்கிறதா என்று அன்று ராத்திரியே அம்மாவிடம் சொல்லிவிட முடியும்.